கிட்டங்கிக்கு வரும் போன்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், இது கோயில் இல்ல, நூலகம். அந்த நாற்காலில உக்காராதிய, அது ஒரு பக்கமா நம்மளக் கொண்டு போயிரும். இதுல உக்காருங்க.

உக்காந்ததும் கண்ணு எங்க போகுதுன்னு பாத்தேன். போன் மேல. எனக்குத் தெரியும் சார். சுத்திவர இம்புட்டுப் புஸ்தகம் இருக்கு, இங்கன வாரவுக ஒருத்தர் கண்ணும் மொதல்ல அதுல போறதில்ல. டிரஸ்ட் ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்புனாகன்னு சொல்லட்டுமா? உங்க மேனேசர் குரல்லயே சொல்லுதேன். "யோவ், கீழப்புதூர் சமுதாயக் கல்லூரில சேர்மக்கனின்னு ஒருத்தன், லைப்ரரி போனக் கட் பண்ணச் சொல்லி எழுதிப் போட்டிருக்கான். எல்லாவனும் போன் வேணும்னு எழுதுவான், இவன் வேண்டாம்ங்கான். என்ன ஏதுன்னு பாத்துட்டு வா. வாயக் குடுத்துராத, பஸ்ஸ விட்டுருவ."

சிரிக்கிய. அச்சு அசலா இருக்குல்ல? அவரு மூக்கால இழுக்கது கூட வந்துருக்கும். ரெண்டு தடவதான் போன்ல பேசியிருக்கேன், போதும் எனக்கு.

இப்ப நீங்க என்ன கேக்கணும்னு வந்திருக்கிய? ரிப்போர்ட்டுக்குக் காலேஜ் எப்படித் தொடங்குச்சுன்னு கேக்கணும். அது வெளிய சொல்லுதது. உள்ளுக்குள்ள என்ன? வாசல்ல டீக்கடைக்காரன் சொல்லியிருப்பான், "லைப்ரரில பேய் போன் பண்ணுதாம்"னு. பேய் என்ன பேசும், பல்லு இருக்குமா, இங்கிலீஷ் தெரியுமா, இதெல்லாம் கேக்கணும். ஆனா படிச்சவுக, கேக்க வெக்கம். கவலைப்படாதிய. ரெண்டையும் சொல்லுதேன். ரெண்டும் ஒரே கததான்.

அந்தா மிஷின்ல உக்காந்து தைக்காளே, அவ தங்கபுஷ்பம். தையல் டீச்சர். இங்கன மொத பேட்ச்ல படிச்சவ. வகுப்பு இல்லாத நேரம் கிழிஞ்ச புஸ்தகத்துக்கெல்லாம் மிஷின்ல முதுகு தைப்பா. எங்க வளவுதான், ஒரே முத்தத்தச் சுத்திப் பத்து வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அவ வீடு. நான் பேசுதப்ப குறுக்க குறுக்க மூஞ்சியக் காட்டுவா, நீங்க கண்டுக்கிடாதிய. என்ன புஷ்பம், சரிதான? பாத்தியளா, காட்டுதா.

இது முன்னால பீடிக் கம்பெனி கிட்டங்கி சார். இலையும் தூளும் அடுக்கி வச்சிருந்த இடம். கம்பெனி வேற ஊருக்குப் போயிட்டு, கிட்டங்கி எலிக்கு ஆச்சு. அப்பதான் எப்சிபா மிஸ் வந்தாக. பாளையங்கோட்டையில பெரிய காலேஜ்ல லைப்ரேரியனா இருந்து ரிட்டயர் ஆனவுக. கல்யாணம் காச்சி கிடையாது. எட்டு பெயிலு, பத்து பெயிலு, இடையில நின்னது, வாழாவெட்டி, இவுகளுக்கெல்லாம் ஒரு காலேஜ் தொடங்கணும்னு வந்து நிக்காக. தையல், நர்ஸ் உதவி, கம்ப்யூட்டர். ஊர்ல கேக்கான், "காலேஜ்ங்கிய, கேட் எங்க?" மிஸ் சொல்லுதாக, "கேட் வச்சா உள்ள வர யோசிப்பாங்க." மொதல்ல எந்த ரூம் தயாராச்சு தெரியுமா? வகுப்பு இல்ல, ஆபீஸ் இல்ல, கக்கூஸ் கூட இல்ல. இந்த லைப்ரரி.

திறப்பு விழா அன்னைக்குத்தான் நான் உள்ள நுழைஞ்சேன். மைக்செட்டுக்காரன் கூட வந்தேன், அறிவிப்பு சொல்ல. நான் அப்ப கோயில் கொடைத் திருவிழால மிமிக்ரி பண்ணுத ஆளு. குருவி, ரயிலு, கலெக்டரு, மாமியா, எதுன்னாலும் வரும். பஞ்சாயத்துத் தலைவர் வர லேட்டு. கூட்டம் எந்திரிக்கப் பாக்கு. நான் என்ன செஞ்சேன், தலைவர் குரல்ல பேச ஆரம்பிச்சுட்டேன். கைதட்டுதாக. நெசத் தலைவர் வந்து ஏறுதாரு, அவருக்கு வணக்கம் வைக்கவன் ஒருத்தனும் இல்ல, ஏற்கெனவே பேசி முடிச்சுட்டாருன்னு நினைச்சுட்டானுவ.

அவரு பேசுதாரு. "கல்வி என்பது... ஓர் ஒளி..." அந்த நேரம் ஒரு புண்ணியவான் சீலிங் பேனச் சுத்த விட்டுட்டான். கிட்டங்கி உத்திரத்துல எத்தன வருசத்துப் பீடித்தூள் உக்காந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. மழை மாதிரி இறங்குச்சு. "கல்வி என்பது ஓர்... ஹ்... ஹ்... ஹச்சூ! ஒளி... ஹச்சூ!" மேடைல தும்மல். பாதிரியாருக்குத் தும்மல், பேங்க் மேனேசருக்குத் தும்மல், குத்துவிளக்கு ரெண்டு தடவ அணைஞ்சுட்டு. ஒவ்வொருத்தர் தும்மலும் எனக்கு இப்பவும் தனித்தனியா வரும். வேண்டாமா? சரி, டீ குடிச்சப்பறம்.

ஆனா பின்னால கடைசி வரிசைல கொஞ்சம் பொம்பளைக நிக்காளுவ. ஒருத்தி கூடத் தும்மல. பீடி சுத்துத பொம்பளைக. அந்தத் தூளுலயே பொறந்து வளந்த மூக்கு. மிஸ் அதப் பாத்துட்டாக. மாலையப் போட வந்தவனத் தள்ளிவிட்டுட்டு நேரா பின்னால போனாக. என்கிட்ட மைக்க வாங்கிச் சொன்னாக, "யார் தும்மலையோ, அவங்கதான் என் பிள்ளைங்க. பேரச் சொல்லுங்க." அப்படி ஆளு சேந்த காலேஜ் சார் இது. எழுதிக்கிடுங்க, எழுதிக்கிடுங்க.

அந்தக் கடைசி வரிசைல என் வீட்டுக்காரியும் நின்னா. உலகம்மா. என் மிமிக்ரியக் கேக்க வந்திருப்பா.

பேரு குடுத்துட்டாளுவ, வகுப்புக்கு ஒருத்தியும் வரல. எப்படி வருவா? பீடித்தட்டு மடில இருந்தாத்தான் அன்னைக்கு உலை. கையும் கண்ணும் இலைல இருக்கணும், கை ஒழிஞ்சா சாயங்காலம் கடைல கணக்கு இடிக்கும். மிஸ் தெருத்தெருவாப் போய்ப் பாத்தாக. பாத்துட்டு வந்து இந்த மேசைல உக்காந்தாக. பெறகு என்னப் பாத்துச் சொன்னாக, "சேர்மக்கனி, கை பீடிக்குப் போகட்டும். காது சும்மாதான் இருக்கு. காது நமக்கு."

அப்ப வாங்குனது சார் இந்தப் போன். ஒவ்வொரு வளவுலயும் ஒரு வீட்டுல போன். சாயங்காலம் ஆனா இங்கருந்து ஒவ்வொரு வளவுக்கா மாத்தி மாத்திப் போடுவோம். அங்க ஸ்பீக்கர அமுக்கிட்டு நடுவுல வைப்பாளுவ. சுத்திப் பத்துத் தட்டு, பத்துக் கத்திரி. மிஸ் இங்க உக்காந்து வாசிப்பாக. நர்ஸ் பாடம், சுகாதாரம், வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குறது, எல்லாம் முடிஞ்சாக் கடைசில ஒரு கத. கத்திரிச் சத்தம் கறுக் கறுக்குன்னு இங்க கேக்கும். விளங்கலைன்னா அங்கருந்து, "மிஸ்சு, அந்தக் கெண்ட நரம்பு மறுக்கா"ன்னு வரும். மிஸ் மறுக்கா வாசிப்பாக. என்ன அட்டெண்டரா வச்சுக்கிட்டாக. நம்பர் போடுதது, புஸ்தகம் எடுத்துக் குடுக்கது, கதைல ராட்சசன் வந்தா மட்டும் நான் பேசுதது.

உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன், மிஸ் குரல் எப்படி இருக்கும்னு கேட்டா... ம்... இப்படித் தனியாச் சொல்லுன்னா வராது. பகல்ல வராது. அத விடுங்க.

உலகம்மா அப்ப என்ன செய்வா, மொத நாள் கேக்காதவளுகளுக்கு மறுநாள் காலைல அவளே வாசிச்சுக் காட்டுவா. படிச்சது எட்டாங்கிளாஸ். புஸ்தகத்தத் தட்டுக்கு அந்தப் பக்கம் கால் விரலால பிடிச்சுக்கிடுவா. பாதி வரி வாசிப்பா, பீடிக்கு நூல் கட்டுவா, மீதி வரி வாசிப்பா. வளவே உக்காந்து கேக்கும். எனக்குச் சிரிப்பு. "ஏட்டி உலகம், உன் வாசிப்புல கமா வார இடமெல்லாம் பீடி வாசம் அடிக்கு"ம்பேன். அவளும் சிரிப்பா, சிரிச்சா இருமல் வந்துரும். ஒருநாள் அந்த இருமல் நிக்கல. மாருல சளின்னாக, பெரியாஸ்பத்திரின்னாக. அந்த வருசம் பரீட்ச அவ எழுதல. அத விடுங்க.

ஒரு விசயம் மட்டும் சொல்லுதேன். ஊர்ல எல்லாரு குரலும் எனக்கு வரும் சார். செத்தவுக, இருக்கவுக, எல்லாரும். அவ குரல் மட்டும் வரவே மாட்டேங்கு. எத்தனையோ தடவ முயற்சி பண்ணிட்டேன். கண்ணாடி முன்னால நின்னு, ஆத்துல தலையத் தண்ணிக்குள்ள விட்டு, எப்படியும் பாத்தாச்சு. வாயத் தொறந்தா காத்துதான் வருது. கட்டுன பொண்டாட்டி குரல் வராதவன்லாம் ஒரு மிமிக்ரிக்காரனா? எனக்கு மிமிக்ரி கத்துக் குடுத்த வாத்தியாரு சொல்லுவாரு, "கூடவே கேட்ட குரலு காதுக்குள்ள போகாதுல, காதாவே ஆயிரும்"னு. என்னமோ. பெரிய தத்துவம்.

மிஷின நிறுத்தாத புஷ்பம். நீ தை.

ஒரு மக இருந்தா. இருந்தான்னா, இருக்கா. வடிவு. அம்மா போனப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வளந்தா, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனா, அங்க எவனையோ பிடிச்சுக்கிட்டா. நம்ம ஆளுகளும் இல்ல. கல்யாணம் எல்லாம் முடிச்சுட்டுப் போன் போடுதா. "அப்பா, வடிவு பேசுதேன்"ங்கா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு நொடி விட்டேன். ஒரே ஒரு நொடி. அங்கதான் சார் டைமிங். பெறகு நம்ம பஞ்சாயத்துத் தலைவர் குரல்ல, "அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை"ன்னு சொல்லி வச்சுட்டேன். எப்படி? வளவுல எல்லார்ட்டயும் சொல்லிக் காட்டுனேன். ஆம்பளைக விழுந்து விழுந்து சிரிச்சானுவ. இந்தா இருக்காளே புஷ்பம், இவ சிரிக்கல. ரசனை வேணும்லா.

அத விடுங்க. பேய்க்கு வருவோம்.

மிஸ்சுக்கு முடியாமப் போச்சு. மதுரைக்குப் போனாக. போறப்ப இந்த நாற்காலிய இப்படித் தள்ளி வச்சுட்டு, "சேர்மக்கனி, போன மட்டும் நிறுத்திராத"ன்னாக. பெட்டில வந்தாக. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துலதான் வைக்கணும்னு எழுதி வச்சிருந்தாக. பனைமரத்துக்குக் கீழ. தும்மாதவளுக அத்தன பேரும் வந்து நின்னாளுவ, அன்னைக்கு ஊர்ல ஒரு பீடி சுத்தல.

பெறகு போன் ஊமையாப் போச்சு. பரீட்ச வருது. பிள்ளைக கேக்காளுவ, "அண்ணாச்சி, நீங்களாவது வாசிங்க." வாசிச்சேன். என் குரல்ல. என்ன கொடும தெரியுமா சார், சிரிக்காளுவ. காலமெல்லாம் என் குரலக் கேட்டுச் சிரிச்சுப் பழகுன கூட்டம். நான் நுரையீரல்ங்கேன், சிரிக்கா. காசநோய்க்கு ஆறு மாசம் மாத்திரைங்கேன், அங்க ஒருத்தி தட்டே கவுந்துட்டுங்கா. இப்படி வாசிச்சா அத்தன பேரும் பெயிலு. மிஸ் பேரு என்னாகும்?

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வளவுக்குப் போன் போட்டேன். கண்ண மூடுனேன். மிஸ்ச நினைச்சேன். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, எல்லாத்தையும் நினைச்சு, புஸ்தகத்தத் தொறந்து, வாயத் தொறந்தேன்.

வந்துட்டு சார்.

ஒரு பொம்பளக் குரல். எங்கருந்து வந்துச்சுன்னே தெரியாது. நான் பேசல, அது பேசுது. ஒரு வரிக்கு நடுவுல தானா நிக்கு, தானா போகுது. அங்கங்க லேசா ஒரு இருமல். மிஸ்சுக்கு இருமல் இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா கடைசி காலத்துல இருந்திருக்கும். கலைஞனுக்கு அதெல்லாம் தானாத் தெரியும். அந்தப் பக்கம் கத்திரி எல்லாம் நின்னுட்டு. பத்துக் கத்திரியும். இந்தக் கிட்டங்கில எலி ஓடுனாக் கேக்கும் அப்ப. பெறகு ஒருத்தி விம்முதா. இன்னொருத்தி மூக்கச் சிந்துதா. ஒருத்தி, "நிறுத்தாதிய, வாசிங்க, வாசிங்க"ங்கா. முழுப் பாடமும் வாசிச்சேன்.

மறுநாள் காலைல இந்தப் புஷ்பம் அந்த வாசல்ல வந்து நின்னு என்னயே பாத்துக்கிட்டு நிக்கா. "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னேன். "அச்சு அசல், அண்ணாச்சி"ன்னா. சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டா. வேற என்ன சர்ட்டிபிகேட் வேணும் ஒரு கலைஞனுக்கு?

அந்தப் பேட்ச்ல ஒருத்தியும் பெயில் இல்ல. எழுதிக்கிடுங்க.

அதுக்கப்பறம்தான் சார் அந்தப் போன் வர ஆரம்பிச்சுது.

எல்லா வளவுக்கும் வாசிச்சு முடிச்சு, பேன அமத்தி, பூட்ட எடுப்பேன். அப்பச் சரியா அடிக்கும். பழைய போனு, யார் நம்பருன்னு காட்டாது. எடுத்து "அலோ"ன்னேன். டக். வச்சாச்சு. மறுநாளும் அடிக்கு. "அலோ, யாரு?" டக். நம்ம குரலக் கேட்டாலே வச்சுருது. ஒருநாள் என்ன ஆச்சு, பாடம் வாசிச்சுக்கிட்டிருந்த வாக்குல, அந்தக் குரல்லயே "அலோ"ன்னுட்டேன்.

வைக்கல.

மூச்சு. வெறும் மூச்சு சத்தம். அதுக்குப் பின்னால ஒரு இரைச்சல் சார், கர்ர்ர்ருன்னு. நிக்காம. பூமிக்கு அடில ஏதோ ஓடுத மாதிரி. கல்லறைத் தோட்டத்துப் பனைல காத்து அடிச்சா அப்படித்தான் கேக்கும், நான் போய் நின்னு கேட்டுப் பாத்துட்டேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சு. என்ன செய்யன்னு தெரியாம, அந்தக் குரல்லயே புஸ்தகத்த வாசிச்சேன். தலை வலிக்கு என்ன மருந்து, வயிறு வலிக்கு என்ன மருந்துன்னு ஒரு பக்கம். முடிஞ்சதும் அங்க மெதுவா வச்சாச்சு. டக்குன்னு இல்ல. மெதுவா.

புரிஞ்சுபோச்சு. மிஸ்சுதான். தன் குரல சரியாப் பண்ணுதானான்னு பரிசோதிக்காக. வாத்தியாரம்மா புத்தி போகுமா? சேர்மக்கனியாப் பேசுனா வைக்காக, எப்சிபாவாப் பேசுனா கேக்காக. இதுக்கு மேல என்ன ருசு வேணும்?

மூணு வருசமா வருது சார். தினமும் இல்ல, ஆனா வராம இருக்காது. மொதல்ல பயம். பெறகு பழகிட்டு. பெறகு, சொன்னா நம்ப மாட்டிய, வரலைன்னாச் சோறு இறங்காது. மிஸ்சுக்குன்னு ஒரு டீ வாங்கி அந்த மூலைல வைப்பேன். காலைல பாத்தா ஆடை படிஞ்சு அப்படியே இருக்கும். பெறகு ஞாபகம் வந்துச்சு, மிஸ் சீனி போட மாட்டாக.

உங்க ஆபீஸ்ல ஒருதடவ சொன்னாக, இப்பல்லாம் எல்லார்ட்டயும் செல்லு இருக்கே, குரலப் பதிவு பண்ணி அனுப்பிருங்கன்னு. பண்ணிப் பாத்தேன். செல்லு முன்னால அந்தக் குரல் வரல. அந்தப் பக்கம் ஒரு உசுரு மூச்சு விடணும், அப்பத்தான் வருது. ஒரே ஒரு நாள், வளவுக்கு வாசிக்கத யாருக்கும் தெரியாமச் செல்லுல பதிஞ்சு, ராத்திரி வீட்டுல போட்டேன். ஒரு வரி கேட்டிருப்பேன். கை தானாப் போய் அமத்திட்டு. அழிச்சுட்டேன். பயம்னு சொல்ல முடியாது. அந்தக் குரலக் கேட்டதும் எனக்குப் பசிச்சுது சார். அகோரப் பசி. மிஸ் குரலுக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க பாப்போம்.

டீ வந்துட்டு, எடுத்துக்கிடுங்க. வட? வச்சுட்டுப் போப்பா.

போன வருசம் ஒருநாள் அடிக்கு. எடுத்தேன். மூச்சு இருக்கு, இரைச்சல் இல்ல. அதுக்குப் பதிலா என்ன கேக்கு தெரியுமா? பிள்ள அழுகுது. கைப்பிள்ள. வீல் வீல்னு. எனக்கு உச்சி முடி நட்டுக்கிட்டு நிக்கு. மிஸ்சு கல்யாணமே கட்டாதவுக! அங்க போய்ப் பிள்ள எப்படி? பூசாரிட்டக் கேட்டேன், "கல்லறைல அநாதைப் பிள்ளைக இருக்கும்லா, தூக்கி வளக்காக"ன்னாரு. மிஸ் புத்திக்கு அது செய்யக்கூடியதுதான். அங்கயும் ஒரு காலேஜ் தொடங்கியிருப்பாக.

பிள்ள நிறுத்தல. நான் என்ன செய்ய? புஸ்தகத்த மூடிட்டேன். அந்தக் குரல்ல ஏதோ முனகுனேன். பாட்டும் இல்ல, பேச்சும் இல்ல, ம்ம்ம் ம்ம்ம்னு ஒரு இழுவை. அது எங்கருந்து எனக்கு வந்துச்சு, அதுவும் தெரியாது. மிஸ் எந்தப் பிள்ளையத் தூங்க வச்சாக? ஆனா பிள்ள அடங்கிட்டு. அடங்கி, ங்ங்ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அங்க மூச்சு விடுத ஆளு இப்ப அழுதுச்சு. அன்னைக்கு நான் பூட்ட மறந்து வீட்டுக்குப் போயிட்டேன்.

புஷ்பம், நூல் அந்துட்டா? என்ன சும்மா உக்காந்திருக்க?

இனிதான் விசயம். முந்தாநாள். அடிச்சுது. எடுத்தேன். வாசிக்க வாயத் தொறக்கேன், அதுக்கு முன்னால வேற ஒண்ணு வந்துட்டு. அந்தக் குரல்ல, நான் நினைக்கவே இல்ல, "சாப்பிட்டியாட்டி?"ன்னு வருது. மிஸ் யாரையும் ஏட்டின்னு கூப்பிட்டதில்ல சார்! பாளையங்கோட்டைக்காரவுக, "என்னம்மா"தான். எனக்கே திக்குனு இருக்கு, மிஸ்சப் போய் ஏட்டின்னுட்டமேன்னு. கோவிச்சுக்கிட்டு வச்சிருவாகன்னு நிக்கேன்.

வைக்கல. மூணு வருசத்துல மொத தடவையாப் பேசுச்சு. ஒரே ஒரு வார்த்த.

"அம்மா"ன்னுச்சு.

நான் போனப் போட்டுட்டேன். இந்தா பாருங்க, விரிசல், அன்னைக்கு விழுந்தது. ஓடிப்போய்ப் பூசாரிய எழுப்புனேன். அவரு சொல்லுதாரு, "இது வரைக்கும் சும்மா வந்துச்சு. இப்ப உறவு சொல்லிக் கூப்பிட்டுட்டு. இனி ஆளக் கேக்கும். தொடர்ப அறுத்துரு." அதான் எழுதிப் போட்டேன். மிஸ் "போன நிறுத்தாத"ன்னாக, வாஸ்தவம். அது உசுரோட இருக்கப்ப சொன்னது. நேத்து நான் எடுக்கல. அடிச்சு அடிச்சு நின்னுச்சு. அந்த மணிச்சத்தம் இருக்கே சார், காதப் பொத்துனாலும் கேக்கு. விடிய விடிய அந்த மூச்சு என் காதுக்குள்ளயே.

பிள்ளைகளுக்கு என்ன செய்யன்னு கேக்கிய. அவளுகளுக்கு வேற ஆளப் போடுங்க, வாசிக்கத் தெரிஞ்ச பொண்ணு யாரையாவது போடுங்க. செல்லுல அனுப்புங்க. எனக்கு இந்தக் குரல் வேண்டாம். சாயங்காலம் ஆனா தொண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கிடுது. நான் மிமிக்ரிக்காரன் சார், குரலு என்கிட்ட வரணும், வேலை முடிஞ்சதும் போகணும். இது போக மாட்டேங்கு.

அதனால இன்னைக்கே வெட்டிருங்க. இப்ப நேரம் என்ன? வெயில் இறங்கிட்டு, இன்னும் செத்த நேரத்துல அடிக்கும். ஒரு யோசனை வச்சிருக்கேன். நீங்க ஒயரக் கைல பிடிச்சுக்கிடுங்க. அடிக்கும், நான் எடுப்பேன். எடுத்து, ஒரு நொடி விடுவேன். ஒரே ஒரு நொடி. பெறகு நம்ம தலைவர் குரல்ல, "அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை." நீங்க டக்குனு பிடுங்கிருங்க. எப்படி? பேய்னாலும் திரும்பிப் பாக்காது. ஏற்கெனவே ஒருதடவ வேலை செஞ்ச வசனம்.

என்ன சார், சிரிக்கவே காணோம்?

என்னட்டி புஷ்பம், ஏன் எந்திரிச்சு வார? ஏன் போனப் பிடிச்சுக்கிட்டு நிக்க? அழுதுக்கிட்டு... சாரு முன்னால என்ன இது? சொல்லுததச் சொல்லிட்டுப் போ.

"இத வெட்டாதிய சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தப் பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிருக்கேன், போகட்டும், அந்தப் பாவம் எனக்கு வரட்டும். கூப்பிடுறது பேயும் இல்ல பிசாசும் இல்ல அண்ணாச்சி, உங்க மக. வடிவு. மொத நாளு நான்தான் அவளுக்குச் சொன்னேன், கிட்டங்கி நம்பருக்குப் போட்டுக் கேளுட்டின்னு. பனியன் கம்பெனி வாசல்ல நின்னு கேக்கா. பிள்ளைக்கும் கேக்க வைக்கா. உங்க குரல் கேட்டா வச்சிருதா, அது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். மிஸ் குரல் உங்களுக்கு ஒருநாளும் வரல, அண்ணாச்சி. இந்த மூணு வருசமும் வந்ததெல்லாம் எங்க உலகம்மா மதினி."